ஒன்றிலும் கையெழுத்து வைக்காதேங்கோ

யார் மணியடித்தாலும் நான் உடனே கதவைத் திறப்பதில்லை. மாடி ஜன்னலைத் தள்ளித் திறந்து, தலையை மட்டும் வெளியே நீட்டி என்ன விஷயம் என்று கேட்பேன். லண்டனில், ஃபாரஸ்ட் கேட்டில் இத்தனை வருடம் குடியிருந்து பழகிய பழக்கம் அது. கூரை ஓடு கழன்றிருக்கிறது என்று ஒருவன் வருவான், மின்சாரக் கம்பெனியை மாற்றுங்கள் என்று இன்னொருவன் வருவான். எல்லாருக்கும் என்னிடம் ஒரே பதில்தான். வேண்டாம், போ.

அன்று வந்த வெள்ளைக்காரர் டை கட்டியிருந்தார். டை கட்டி வருகிறவர்கள்மேல் எனக்கு இன்னும் நம்பிக்கை குறைவு. தூறலில் நனைந்தபடி நிமிர்ந்து பார்த்து, உங்கள் அண்ணன் இறந்துபோன விஷயமாக வந்திருக்கிறேன் என்றார். எனக்கு அண்ணனே கிடையாது. ஆள் மாறி வந்திருக்கிறாய் என்று சொல்ல வாயெடுத்தபோது, அவர் ஒரு பெயரைச் சொன்னார்.

அந்தப் பெயருக்குரியவர் என் அண்ணன்தான், கடதாசியில் மட்டும். அவர் மன்னார், நான் யாழ்ப்பாணம். ஊரைவிட்டு ஓடி வந்தபோது ஏஜென்ட் எங்களை ஒன்றாக அனுப்பினான். கல்யாணமாகாத பெண் தனியாகப் போனால் வழியில் கரைச்சல் வரும், அண்ணன் தங்கச்சி என்று சொல்லுங்கள் என்றான். வழியெல்லாம் சொன்னோம். குரோய்டனில் அகதி விண்ணப்பம் எடுக்கிற பெரிய கட்டடத்துக்குள் விசாரித்தபோதும் அதையே சொன்னோம். சொன்னது பதிவாகிவிட்டது. நானும் அவரை அண்ணை என்றே கூப்பிட்டேன். அவரும் போகிற இடமெல்லாம் ஃபாரஸ்ட் கேட்டில் எனக்கு ஒரு தங்கச்சி இருக்கிறாள் என்று சொல்லித் திரிந்தார். என் கல்யாணத்துக்குக் கோயிலில் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போனவரும் அவர்தான். பிறகு அவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் குடிபோனார். வர வரத் தொடர்பு குறைந்துபோயிற்று.

டைக்காரர் கீழே நின்றபடியே விளக்கினார். அண்ணை மாசி மாதம் தன் ஃப்ளாட்டில் தனியாக இறந்துவிட்டாராம். உயில் இல்லை. சொந்தம் என்று யாரும் வரவில்லை. நகரசபைக் கவுன்சிலே அடக்கம் செய்துவிட்டது. ஃப்ளாட்டும் வங்கிக் காசும் உரிமை கோரப்படாத சொத்து என்று அரசாங்கப் பட்டியலில் இருக்கின்றன. அந்தப் பட்டியலைப் பார்த்து உரித்துக்காரரைத் தேடிப் பிடிப்பதுதான் அவருடைய கம்பெனியின் வேலை. அண்ணையின் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். நான் ஒரு கையெழுத்து வைத்தால் போதும், மற்றதெல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கிடைப்பதில் ஒரு பங்கு அவர்களுக்கு.

பங்கு! அந்தச் சொல் காதில் விழுந்ததும் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. செத்தவன் பெயரைச் சொல்லித் தூண்டில் போட வெட்கமில்லையா, உன் தாய் உன்னை இதற்கா வளர்த்தாள், போலீசைக் கூப்பிடுவேன் என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் ஏசினேன். மனிதர் கோபப்படவில்லை. ஒரு கடித உறையைக் கதவுத் துவாரத்தால் போட்டுவிட்டுப் போனார். கோபப்படாதது எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

அண்ணையின் நம்பருக்கு எடுத்தேன். அந்த நம்பர் பாவனையில் இல்லை என்றது. மகளிடம் சொல்லி அரசாங்க இணையத்தளத்தைப் பார்க்கச் சொன்னேன். காசில்லாமல் யாரும் பார்க்கக்கூடிய பட்டியல் அது. அண்ணையின் பெயர் அதில் இருந்தது. குசினிக் கதிரையில் இருந்து குலுங்கிக் குலுங்கி அழுதேன். எனக்குப் பக்கத்து ஆசனத்தில் இருந்து, விமானம் ஏறி இறங்கும்வரை செபமாலை சொன்ன மனிதன்.

என் அழுகை ஓய்வதற்கு முன்பே இவர் தொடங்கிவிட்டார், என் கணவர்.

"இஞ்சரும், குரோய்டன் பேப்பரில நீர்தானே தங்கச்சி?"

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்டுமில்லை. சும்மா கேட்டனான்."

சும்மா கேட்கிற ஆளா இவர்? இரவுச் சாப்பாட்டின்போது பின்னால் போய் எட்டிப் பார்த்தால், ஃபோனில் அண்ணை இருந்த ரோட்டு ஃப்ளாட் விலை பார்த்துக்கொண்டிருக்கிறார். "உங்களுக்கு என்னத்துக்கு அந்த ரோட்டு விலை?" என்று கேட்டேன். "பொழுது போகேல்ல," என்றார். சோற்றைப் பிசைந்தபடி, அரசாங்கம் விழுங்குவதைவிட எங்களுக்கு வந்தால் என்ன குற்றம் என்றும் ஒரு கேள்வி போட்டார்.

உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கேள்வி எனக்கும் இனித்தது. கூடவே பயமும் பிடித்தது. டைக்காரன் உண்மையில் குடிவரவு பார்க்கிற ஹோம் ஒஃபீஸ் ஆளாக இருந்தால்? பழைய பொய்யைப் பிடிக்கத்தான் இந்த ஃப்ளாட்டைக் காட்டுகிறார்களோ? தங்கச்சி என்று கையெழுத்து வைத்தால் களவு. தங்கச்சி இல்லை என்று சொன்னால் அன்று சொன்ன பொய் வெளியே வரும், பாஸ்போர்ட்டுக்கே ஆபத்து வரலாம். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுச் சந்து. இவரையும் நம்பவில்லை, வந்தவனையும் நம்பவில்லை, ஒரு வாரம் என்னையே நான் நம்பவில்லை.

கடைசியில் கடித உறைக்குள் இருந்த படிவத்தை எடுத்துப் படித்தேன். இறந்தவருக்கு வேறு உடன்பிறந்தவர்கள் உண்டா என்று ஒரு கேள்வி. உண்டு. மன்னாரில் ஓர் அக்கா. வழியில் ஏஜென்ட் எங்களை ஓர் அறையில் பூட்டி வைத்திருந்த நாட்களில் அண்ணை அவவைப் பற்றித்தான் ஓயாமல் கதைப்பார். தாலிக்கொடியை விற்று அவரை அனுப்பியவ அந்த அக்கா. அந்தக் கொடி இல்லாவிட்டால் அவருக்கு லண்டன் ஏது, ஃப்ளாட் ஏது? அவவின் சொத்தில் நான் கை வைத்தால் எனக்குச் செமிக்குமா? சீ என்று போய்விட்டது.

டைக்காரருக்கு ஃபோன் எடுத்து, நான் தங்கச்சி இல்லை, ஒரே விமானத்தில் வந்தவள் மட்டும் என்று சொன்னேன். அந்த மனிதர் பழைய பொய்யைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்படியானால் உண்மையான உரித்துக்காரர் யார், எங்கே இருக்கிறார் என்று மட்டும் ஆவலாகக் கேட்டார். ஆகா, இப்போது அக்காவைப் பிடித்துப் பங்கு கேட்கப் போகிறான்! தெரியாது என்று வைத்துவிட்டேன். இவர் இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கதைக்காவிட்டால் போகட்டும்.

அவன் முந்துவதற்குள் நான் முந்த வேண்டும். ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் கோயிலுக்கு வருகிற ஒரு மன்னார்ப் பெண்ணிடம், காரணம் சொல்லாமல், அக்காவின் நம்பரை விசாரித்தேன். அவ ஊருக்குக் கதைத்து அடுத்த நாளே நம்பர் எடுத்துத் தந்தா. உடனே எடுத்தேன்.

"அக்கா, நான் லண்டனில இருந்து கதைக்கிறன். உங்கட தம்பியோட ஒண்டா வந்தனான்."

"ஆர், தங்கச்சி எண்டு சொல்லி வந்த பிள்ளையோ? ஐயோ, சுகமா இருக்கிறியா அம்மா?"

"ஓம் அக்கா. நான் சொல்லுறதைக் கவனமாக் கேளுங்கோ. உங்களைத் தேடி இஞ்ச இருந்து ஆக்கள் வருவினம். நல்லாத் தேன் ஒழுகக் கதைப்பினம். ஒண்டிலயும் கையெழுத்து வைக்காதேங்கோ. பங்கு கேப்பினம். ஒரு சதமும் குடுக்கத் தேவையில்லை. நேர அரசாங்கத்துக்கே எழுதலாம், நான் எழுதித் தாறன்."

"என்ன பிள்ளை, எனக்கு விளங்கேல்ல. என்ன பங்கு?"

"தம்பியின்ர ஃப்ளாட் அக்கா. இப்ப நீங்கள்தானே உரித்துக்காரர்."



"அவன் இருக்கேக்க நான் என்னெண்டு உரித்துக்காரி?"

அக்காவுக்கு இன்னும் தெரியாது. எங்கள் ஆட்களில் ஒருவர் லண்டனில் செத்தால், பக்கத்துத் தெருவுக்குத் தெரியும் முன்பே ஊருக்குத் தெரிந்துவிடும். அந்த நினைப்பில் இருந்துவிட்டேன். கவுன்சில் புதைத்த மனிதனுக்கு யார் ஊருக்கு அறிவிப்பார்கள்?

"அக்கா, உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லயா?" என்றேன்.

அதற்குப் பிறகு அவ கத்தத் தொடங்கினா. "நீ ஆரடி? போன கிழமையும் ஒருத்தன் எடுத்தவன், பரிசு விழுந்திருக்கெண்டு. இப்ப நீ என்ட தம்பியைச் சாகடிக்கிறாய். வெக்கமில்லையா உனக்கு? உன்னைப் பெத்தவள் இதுக்கோ வளர்த்தவள்? அவன் நத்தார் பண்டிகைக்குத்தான் ஃபோன் எடுக்கிறவன். இந்த நத்தாருக்கும் எடுப்பான்!"

நான் ஜன்னலில் நின்று ஏசிய அதே ஏச்சு. ஏசி ஏசி அவவுக்கு மூச்சு வாங்கியது. பிறகு குரல் இறங்கிவிட்டது.

"பிள்ளை, நீ காசுக்குத்தானே எடுத்தனீ? எவ்வளவு வேணும் எண்டு சொல்லு. கடன்பட்டாவது அனுப்புறன். இது சுத்துமாத்து, பொய் எண்டு மட்டும் சொல்லு."

"இல்லையக்கா," என்றேன்.