கலியபெருமாள் முறை

தொண்டூர் ஏரித் தண்ணீரை இருபது வருஷமாக அளந்து விட்டவர் சம்பவநாதன். மதகடியில் பானை நிறையத் தண்ணீர் வைத்து, அடியில் ஊசித்துளை போட்ட செம்பு வட்டிலை மிதக்க விடுவார். அது நிறைந்து மூழ்க ஒரு நாழிகை. அதுதான் ஒருவர் முறை. பானைக்கு ஊற்றும் தண்ணீரை இரட்டை மடிப்புத் துணியில் வடிகட்டாமல் ஊற்றமாட்டார்; துணியில் தங்கிய பூச்சி புழுவைத் திரும்ப ஏரியிலேயே அலசி விடுவார். ஜைன வீட்டு வழக்கம். "தண்ணிக்கும் கோமணம் கட்டுறாரு நைனாரு" என்று ஊரே கேலி பேசும். மனுஷன் சிரிப்பாரே தவிரத் துணியை விடமாட்டார்.

முறைக்காரரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். "இருக்கேன்" என்று குரல் வந்தால்தான் வட்டில் பானையில் இறங்கும். மூன்று தரம் கூப்பிட்டும் வராவிட்டால் முறை போச்சு, தண்ணீர் அடுத்தவருக்கு.

அறுபத்தைந்தில் மழை ஏமாற்றிவிட்டது. பங்குனியில் ஏரியில் கிடந்தது கடைசி நனைப்புக்கான தண்ணீர்தான். கடைமடைக் கலியபெருமாள் மாசியிலேயே செத்துப்போயிருந்தான். அவன் நெல் பால் பிடித்து நின்றது. அந்த ஒரு வட்டில் கிடைத்தால் அவன் பெண்டாட்டி ஆண்டாளுக்கு வருஷச் சோறு. இல்லாவிட்டால் வெறும் வைக்கோல். முறைக்குப் பேர் மாற்றுவதோ ஆடிக் கூட்டத்தில்தான்; அதுவரை அவன் பேருக்கு அவள் குரல் கொடுத்தாலும் செல்லாது.

"செத்தவனுக்கு இன்னா முறை? எனக்குத் தொறந்து வுடுங்க நைனாரே," என்றான் பக்கத்து வயல் ராஜாங்கம். ஈவிரக்கமில்லாத பேச்சு. ஆனால் வழக்கம் அவன் பக்கம்.

உச்சி வெயில். ராஜாங்கத்தைக் கூப்பிடத்தான் சம்பவநாதன் வாயைத் திறந்தார். இருபது வருஷப் பழக்கத்தில் நாக்கு தன்பாட்டுக்குக் "கலியபெருமாளு!" என்றது. பக்கத்தில் மண்வெட்டியோடு நின்ற ஆண்டாளைப் பார்க்கக் கூசி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"இருக்கேன்."

கடைமடைப் பக்கமிருந்து வந்தது. எல்லோருக்கும் கேட்டது. எல்லோருக்கும் தெரிந்த குரல்.

அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆனாலும் குரல் வந்துவிட்டதே! வட்டிலை இறக்கி மதகைத் திறந்தார். ராஜாங்கம் தண்ணீருக்கு முன்னே ஓடிப் போய்ப் பார்த்துத் திரும்பினான். முகத்தில் ரத்தமில்லை.

"ஒருத்தரும் இல்ல நைனாரே. ஆனா மடை வெட்டிக் கெடக்குது. இப்பத்தான் வெட்டுன மண்ணு."

ஆண்டாளின் மண்வெட்டியில் பொட்டு மண் ஒட்டியிருக்கவில்லை.

நாழிகை கடந்தது. வட்டில் மூழ்கவில்லை. யாரோ அடியில் விரல் கொடுத்துத் தாங்குவதுபோல் மிதந்தது. துளையில் தூசு அடைத்திருக்குமோ? தன் கையால் வடிகட்டிய தண்ணீர் ஆயிற்றே! அந்தச் சமாதானமும் அவருக்கு வாய்க்கவில்லை. தொட யாருக்கும் துணிச்சலில்லை. வெயில் சாய்ந்து, கடைமடை வயல் நிறைந்ததென்று ஆள் வந்து சொன்ன பிறகுதான் வட்டில் மெல்ல அடியில் போய் உட்கார்ந்தது.

ஆடிக் கூட்டத்தில் பேர் மாற்றப் பேச்செடுத்ததும் ஆண்டாள் எழுந்தாள்.

"வேணாம் நைனாரே. அவரு பேரையே கூப்டுங்க. அந்தக் கொரலை நான் இன்னொரு வாட்டி கேக்கணும்."

மறுக்க யாருக்குத் தைரியம்? முறை ஆண்டாளுக்கு, கூப்பிடும் பேர் மட்டும் அவனுடையது என்று முடிவாயிற்று.

தையில் முறை வந்தது. கூப்பிட்டார். கடைமடைப் பக்கம் காற்றுகூட அசையவில்லை. இரண்டாம் தரமும் கூப்பிட்டார். ஆண்டாள் அந்தத் திசையையே பார்த்து நின்றாள். மூன்றாம் தரத்துக்கும் பதில் வராவிட்டால் முறை போய்விடும். ஆனாலும் கூப்பிட்டார்.

"இருக்கேன்," என்றாள் ஆண்டாள்.

ராஜாங்கமே போய் மதகைத் தூக்கினான். வட்டில் சரியாக ஒரு நாழிகையில் மூழ்கியது. அது பானையின் அடியில் தட்டிய சத்தம் கேட்டபோதுதான், புருஷன் செத்து வருஷம் திரும்பப்போகிற அந்த நாளில், ஆண்டாள் முதல்முறையாக வாய்விட்டு அழுதாள்.