எந்த அச்சில் பிரிப்பது

கல்லூரியில் அவளுக்கு "ரெண்டுந்தான் மேடம்" என்று பட்டப்பெயர். எலக்ட்ரான் இங்கேயா, அங்கேயா என்று எந்த வகுப்பு கேட்டாலும் அதுதான் பதில். பதினேழு வருடமாக இயற்பியல் நடத்துகிறாள். கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஒரு மதியம் இரும்புக் கயிறு அறுந்து அடிபட்டு, ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, போய்ச் சேர்ந்தார்.

அடுத்த வாரம், ஆறுதல் சொல்ல வேறு வார்த்தை கிடைக்காத கொழுந்தன் கேட்டான்:

"அண்ணி, நடக்கக்கூடிய ஒவ்வொண்ணுக்கும் உலகம் கிளை கிளையாப் பிரியுதுன்னு நீங்கதானே சொல்வீங்க? அப்ப ஒரு கிளையில அண்ணன் உயிரோட இருப்பாருல்ல?"

அவள் வாய் திறக்குமுன் மாமியார் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து தினமும் ஒரே விசாரிப்பு. "அங்க அவனுக்கு உடம்பு தேறியிருக்குமா?"

"இருக்கும் அத்தை" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவளுக்குள் ஒரு முள் நெருடியது. காகிதத்தில் வரைந்த அம்பை நிமிர்ந்த அச்சுகளை வைத்து அளக்கலாம். சாய்ந்த அச்சுகளை வைத்தும் அளக்கலாம். எது சரியென்று அம்பு சொல்லாது. குவாண்டம் சமன்பாடும் அப்படித்தான். பிழைத்தவர் ஒரு கிளை, இறந்தவர் ஒரு கிளை என்று வெட்டலாம். இரண்டும் கலந்த வேறு துண்டுகளாகவும் வெட்டலாம். முதல் வெட்டுதான் உலகம் என்று யார் தீர்மானித்தது?

நிரூபித்துவிட்டுச் சொல்கிறேன் என்று உட்கார்ந்தாள். காற்றும் ஒளியும் ஓயாமல் பொருள்கள்மேல் மோதுகின்றன; அந்த மோதலே வெட்டைத் தீர்மானிக்கிறது என்று இரண்டு வருடம் எழுதினாள். ஆய்விதழ் திருப்பி அனுப்பியது. மதிப்பீட்டாளர் ஒரே கேள்விதான் கேட்டிருந்தார்: எது பொருள், எது சுற்றுப்புறம் என்று ஒன்பதாம் பக்கத்தில் நீங்களே பிரித்துவிட்டீர்களே, அந்தப் பிரிவு எங்கிருந்து வந்தது?

அந்தப் பிரிவு எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். கணவர் உயிரோடிருக்கும் கிளை அவளுக்கு வேண்டியிருந்தது. அதற்கேற்ற இடத்தில் கோடு போட்டிருந்தாள்.

சமையலறையில் மாமியாரிடம் சொன்னாள். "எனக்குத் தெரியலை அத்தை. அப்படி ஒரு கிளை இருக்குன்னு என்னால சொல்ல முடியலை."

கிழவி குழாயை இறுக்கி மூடினாள். "ரெண்டு வருஷம் கழிச்சு எம்புள்ளைய இன்னொரு தடவை சாகடிச்சுட்டியேடி."

அந்த வாரமே இளைய மகன் வீட்டுக்குப் போய்விட்டாள். எட்டு மாதத்தில் இறந்தாள். அதுவரை மருமகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜூன் மாதம் துறைத்தலைவரிடம் கேட்டு, குவாண்டம் பாடத்தைக் கொடுத்துவிட்டு வெப்பவியலை வாங்கிக்கொண்டாள்.