புருவத்தில் இறங்கிய அம்மை

அண்ணன் காலையிலேயே போன் செய்தான். "மதினிக்கு அம்மை போட்டு நாலு நாளாச்சு. பார்க்க வாரதுன்னா தலைக்குக் குளிச்சிட்டு வா. வார வழியில யார் வீட்டுக்கும் போயிராத."

எங்கே போட்டிருக்கிறது என்று கேட்டேன்.

"புருவத்துல. ரெண்டு புருவத்துலயும் முத்து எறங்கியிருக்காம். அம்மாதான் பார்த்துச் சொன்னா."

"ஒடம்புல?"

"ஒடம்புல ஒண்ணுமில்ல. இனிமே வருமாம்."

போனை வைத்துவிட்டு அடுப்பை அணைத்தேன். அம்மை வயிற்றில் போடும், முதுகில் போடும், உள்ளங்கால் வரைக்கும் இறங்கும். இரண்டு புருவத்திலும் அளவெடுத்த மாதிரி இறங்கிவிட்டு அதோடு நின்றுகொள்ளும் அம்மையை நான் கேள்விப்பட்டதில்லை. சந்தேகம் என்கூடவே பிறந்தது. பால்காரர் கூடுதலாகச் சிரித்தால் பாலை முகர்ந்து பார்ப்பேன். மருந்துக் கடைக்காரர் கேட்காமலே விலை குறைத்தால் அட்டையைத் திருப்பித் தேதியைப் பார்ப்பேன். இந்தச் சந்தேகத்துக்கு அந்தச் சிரமம்கூட வேண்டியிருக்கவில்லை. கொஞ்ச நாளைக்கு முன்னால்தான் நானும் மதினியும் ராஜபாளையத்தில், பஞ்சு மார்க்கெட் பக்கம், ஒரு பியூட்டி பார்லரின் மாடிப்படியில் ஏறி இறங்கியிருந்தோம்.

மதினிக்குத் தைராய்டு. அது வந்த வருஷத்திலிருந்தே புருவம் வால் பக்கமாக உதிரத் தொடங்கியது. எறும்பு தூக்கிக்கொண்டு போவது போல, தினமும் கொஞ்சம். அன்றிலிருந்து பென்சில். அண்ணன் எழுந்திருப்பதற்கு முன்னால் மதினியின் புருவம் எழுந்துவிடும். அவன் அவளை வெறும் புருவத்தோடு பார்த்தே பல வருஷம் இருக்கும். ஆனால் அண்ணனின் பெயிண்டுக் கடைக் கல்லாவில் மத்தியானம் வரை உட்கார்ந்தால் வேர்வையில் ஒரு பக்கம் வழிந்திருக்கும். தின்னர் வாங்க வந்தவர்கள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று டப்பாவைப் பார்ப்பார்கள். இப்போது வெள்ளெழுத்து வேறு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புருவம் வரைய முடியாது. கழற்றினால் புருவமே தெரியாது. "கண்ண மூடிக்கிட்டுக் கோலம் போடுத மாதிரி இருக்குட்டி" என்பாள்.

அவர்கள் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பார்லர்கள் உண்டு. அங்கே படியேறினால் இறங்குவதற்குள் சேதி தேரடிக்குப் போய்விடும். அதனால் என் ஊருக்கு வந்தாள்.

பார்லர் பெண் கோயம்புத்தூர் போய்க் கற்றுக்கொண்டு வந்தவள். சின்னப் பெண். அவளுடைய புருவங்கள் அவ்வளவு சரியாக இருந்தன. அவ்வளவு சரியாக இருக்கும் எதையும் நான் நம்புவதில்லை. மை தடவிய நூலை மதினியின் நெற்றியில் குறுக்கே இழுத்துப் பிடித்து அளந்தாள், கொத்தனார் சுவருக்கு நூல் பிடிப்பது போல. பிறகு நிற அட்டையை விரித்தாள். அண்ணன் கடையில் சுவருக்கு நிறம் பார்க்கும் அட்டை எப்படியோ அப்படியே. காப்பிப்பொடி நிறம், கருப்பட்டி நிறம், மழையில் நனைந்த மரப்பட்டை நிறம். சின்ன ஊசிகள் வரிசையாக வைத்த ஒரு கத்தி; அதனால் தோலில் முடி முடியாகக் கீறி மையை உள்ளே இறக்குவார்களாம்.

"பெர்மனெண்ட்னு போர்டு போட்டிருக்கீங்க. எத்தன நாளைக்கும்மா இருக்கும்?"

"பெர்மனெண்ட்தான்க்கா. ரெண்டு வருஷத்துல லேசா மங்கும்."

"மங்குனா அது எப்பிடிப் பெர்மனெண்ட்?"

"முழுசாப் போகாதுக்கா."

"அப்ப வேணும்னு நெனைச்சா மங்கிரும், வேண்டாம்னு நெனைச்சா போகாது."

மதினி என் தொடையில் கிள்ளினாள். நான் விடவில்லை. இந்த ஊசி இதற்கு முன்னால் யாரைக் குத்தியது, மையில் என்ன உலோகம் கலந்திருக்கிறது, ஒத்துக்கொள்ளாமல் போனால் யாரிடம் போக வேண்டும், கறுப்பு நாளாவட்டத்தில் சிவப்பாகுமா நீலமாகுமா. எல்லாவற்றுக்கும் அந்தப் பெண்ணிடம் ஒரே பதில்தான் இருந்தது: "ஒண்ணும் ஆகாதுக்கா." ஒன்றும் ஆகாது என்று சொல்பவர்களிடம்தான் எல்லாம் ஆகிறது.

படியிறங்கும்போது மதினி சண்டைக்கு வந்தாள். "வேர்த்தா வழியாது. குளிச்சாப் போகாது. நாளைக்கு ஆஸ்பத்திரியில கெடந்தாலும் மொகம் மொகமா இருக்கும். இதுல ஒனக்கு என்னட்டி கேடு?"

"நாம படிக்கும்போது நூல் மாதிரி இருந்தாத்தான் புருவம். இப்பக் கம்பளிப்பூச்சி மாதிரி இருக்கணுங்காங்க. நாளைக்கு என்ன சொல்லுவாங்களோ. பென்சில்னா மாத்திக்கிடலாம். தோலு தொங்குனா மையும் கூடத் தொங்கும் மதினி. கெழவியானப்பொறவு புருவம் கன்னத்துல வந்து நிக்கும்."

"நிக்கட்டும். இல்லாம இருக்கதுக்கு எறங்கி நின்னா என்ன?"

யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். யோசித்திருக்கவில்லை. தனியாகத் திரும்பி வந்து குத்திக்கொண்டு போயிருக்கிறாள். போனை வைத்த நிமிஷமே எனக்கு அது தெரிந்துவிட்டது. தெரியாதது ஒன்றுதான்: குத்தினது எப்படி அம்மையானது?

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தும் மலையைப் பார்க்கத் தோன்றவில்லை. ஏறிய பெண்களின் புருவங்களையே பார்த்துக்கொண்டு போனேன். எது முளைத்தது, எது வரைந்தது, எது குத்தியது.

வீட்டு நிலையில் வேப்பிலைக் கொத்து. உள்ளேயிருந்து தாளிக்கும் வாசனை இல்லை. அண்ணன் வாசலுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"என்னைய உள்ள விட மாட்டேங்கா அம்மா. கடையிலதான் படுக்கேன். பெயிண்டு நெடியில கனவெல்லாம் கலர் கலரா வருது."

உள்ளே மதினி வெள்ளை வேட்டி விரிப்பின் மேல் படுத்திருந்தாள், தலைமாட்டில் வேப்பிலை. இரண்டு புருவத்தின் மேலும் மஞ்சளும் வேப்பிலையும் சேர்த்து அரைத்த விழுது கட்டிகட்டியாக அப்பியிருந்தது. பக்கத்தில் அம்மா விசிறிக்கொண்டிருந்தாள்.

"ஒரு வாய் குடி தாயி. எம்புட்டுச் சூடு ஒனக்கு, ஆத்தா."

நான் நின்றுவிட்டேன். அம்மா தன் மருமகளை 'ஏட்டி' என்று கூப்பிடுவாள், 'இந்தா' என்பாள், கோபம் வந்தால் கூப்பிடவே மாட்டாள். 'தாயி' என்று கேட்டதில்லை. அம்மை போட்டவர்களை அப்படித்தான் கூப்பிட வேண்டும், மாரியாத்தாளே உடம்பில் வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தச் சொல் அந்த வாயிலிருந்து வந்தபோது காது நம்பவில்லை.

மதினியின் வலது இமை வீங்கிக் கண் ஒரு கீறலாகியிருந்தது. விழுதின் ஓரத்தில் மஞ்சளாக நீர் கசிந்தது. அது மஞ்சள்தானா, சீழா? நான் அம்மாவை இளநீர் வெட்டிக்கொண்டு வரச் சொல்லி அனுப்பினேன்.

"குத்திக்கிட்டீங்களா?"

"மெதுவாப் பேசு."

"அது எப்பிடி அம்மையாச்சு?"

"பொருக்குத் தட்டி, செவந்து கெடந்துச்சு. சீலையப் போட்டு மறைச்சுக்கிட்டுக் கெடந்தேன். அத்தை வெலக்கிப் பார்த்துட்டாவ. பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டுட்டாவ. நான் என்னத்தச் சொல்ல?"

"உள்ளதச் சொல்ல வேண்டியதுதான?"

"சொல்லத்தான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள 'தாயி'ன்னுட்டாவ." மதினி திறந்திருந்த இடது கண்ணால் கூரையைப் பார்த்தாள். "கட்டிக்கிட்டு வந்ததுலேருந்து என்னைய அப்பிடிக் கூப்பிட்டதில்லட்டி. இளநிய வாயில ஊத்திவிடுதாவ. தூங்காம விசுறுதாவ. செத்த நேரம் இதையும் அனுபவிப்போம்னு இருந்தேன். அது நாளாயிப் போச்சு."

"வலது கண்ணு தெரியுதா?"

"நேத்துலேருந்து பாதிதான் தெரியுது. உள்ளுக்குள்ள தெறிக்குது." குரலை இன்னும் இறக்கினாள். "ஆத்தா பேரச் சொல்லி ஏமாத்துனதுக்கு நெசமாவே போட்டுருவாளோன்னு இருக்கு."

நெற்றியில் கை வைத்தேன். கொதித்தது. ஒரு முகத்துக்காகப் போய்விட்டு ஒரு கண்ணைக் கொடுத்துவிட்டு வரப் போகிறாள். ஊசியைச் சந்தேகப்பட்டேன், மையைச் சந்தேகப்பட்டேன், அம்மாவின் அம்மிக்கல்லைச் சந்தேகப்பட்டேன். அத்தனையையும் ஒரே நேரத்தில் சந்தேகப்பட எனக்கே மூச்சு வாங்கியது.

அம்மா ஒரு கையில் இளநீரும் மறு கையில் புதிதாக அரைத்த விழுதுமாக வந்தாள்.

"கண்ணு வீங்கியிருக்கும்மா. டாக்டர்ட்டக் காட்டிருவோம்."

"அம்மை போட்ட ஒடம்புல ஊசி படலாமாட்டி? ஒன் படிச்ச மூளைய ஒன் ஊரோட வச்சுக்கோ. இருக்கன்குடி மாரியாத்தாளுக்கு வெள்ளியில கண்மலர் நேர்ந்திருக்கேன். மூணு தண்ணி ஊத்துனா எறங்கிரும்."

கிண்ணத்தோடு குனிந்தாள். சொல்லிவிடலாம் என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொல்ல வேண்டிய வாய் என்னுடையது இல்லை. மதினி கையை உயர்த்திக் கிண்ணத்தைத் தடுத்தாள்.

"ஊசி ஏற்கனவே பட்டுருச்சு அத்தை."

"எங்க?"

"புருவத்துலதான். ராஜபாளையத்துல போயி, நானே காசு குடுத்துக் குத்திக்கிட்டேன். புருவத்துக்கு மை குத்துதது. இது அம்மை இல்ல."

கிண்ணம் அந்தரத்தில் நின்றது. வாசலில் நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது; அண்ணன் எழுந்துவிட்டான், படி தாண்டலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றான். அம்மா கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். வெகுநேரம் அந்தப் புருவங்களையே பார்த்தாள்.

"அப்ப இத்தன நாளா நான் கும்பிட்டது எவள?"

"என்னையத்தான் அத்தை."

மதினி அதைக் குறும்பாகச் சொல்லவில்லை, அழுதும் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள். அம்மாவின் உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. சிரிப்பா, வசவு வரப் போகிறதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எழுந்து போய்க் கையைக் கழுவினாள். ஈரத்துணியோடு வந்து, அப்பிய விழுதைத் தானே ஒத்தி ஒத்தி எடுத்தாள்.

"கண்மலர்?" என்று அண்ணன் வாசலிலிருந்து கேட்டான்.

"நேர்ந்தது நேர்ந்ததுதான். கண்ணு கண்ணுதான? வண்டிய எடுலே."

ராஜபாளையத்தில் தோல் டாக்டர் பொருக்கைத் துடைத்துவிட்டு விளக்கைக் கிட்டே இழுத்தார். "மஞ்சள் யார் போட்டது?" நாங்கள் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தோம். சீழ் பிடித்துவிட்டது, இமைக்குள் இறங்கியிருக்கிறது, இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் கண்ணுக்கு உத்தரவாதம் சொல்ல முடியாது என்றார். ஊசியாலா, மையாலா, அம்மி விழுதாலா என்று நான் கேட்டேன். எல்லாம் கலந்த பிறகு பிரித்துச் சொல்ல முடியாது என்றார். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஆனால் ஒன்றும் ஆகாது என்பதைவிட அது நம்பும்படி இருந்தது. என்றைக்காவது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கப் போனால் புருவத்தில் மை இருப்பதைச் சொல்லிவிடச் சொன்னார். சில மைகளில் இரும்பு கலந்திருக்கும், சூடேறலாமாம். ஆறும்வரை பென்சில், பவுடர், சீலைத் தலைப்பு எதுவும் மேலே படக்கூடாது.

திரும்பும்போது மதினி வண்டியில் முகத்தைத் திறந்துகொண்டே வந்தாள். அண்ணன் கண்ணாடியில் பார்த்தான், ரோட்டைப் பார்த்தான், மறுபடி கண்ணாடியில் பார்த்தான்.

"என்ன பாக்கீய?"

"ஒண்ணுமில்ல. எங்கிட்டச் சொல்லியிருந்தா பிரைமர் அடிக்காம கலர் அடிக்காதன்னு சொல்லியிருப்பேன்."

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

கண் பிழைத்தது. இடது புருவம் நன்றாகவே நின்றது, கருப்பட்டி நிறத்தில். வலதில் நடுவே சீழ் இருந்த இடத்தில் மை பிடிக்கவில்லை. அங்கே ஒரு வெறும் இடைவெளி, அதன் ஓரத்தில் லேசான செம்மை. அம்மா பழையபடி 'ஏட்டி'க்குத் திரும்பிவிட்டாள். ஆனால் காலையில் கண்ணுக்குச் சொட்டு மருந்தை அம்மாதான் விட்டாள், வேறு யாரையும் தொட விடவில்லை. மதினிக்கு வருத்தம் உண்டா என்று கேட்டேன். "எந்திரிச்ச ஒடனே கண்ணாடியத் தேட வேண்டாம்ட்டி" என்றாள். அது எனக்குப் பதிலாகத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது.

அப்புறம் ஒரு நாள் கடையில் நானும் இருந்தேன். மதினி கல்லாவில், அம்மா கவிழ்த்துப் போட்ட பெயிண்டு டிரம்மின் மேல். டிஸ்டெம்பர் வாங்க வந்த கொத்தனார் ஒருவர், "என்னம்மா, புருவத்துல அடியா?" என்றார்.

மதினி வாயைத் திறக்குமுன் அம்மா சொன்னாள். "அம்மை. தலைக்கு எறங்குன அம்மை. ஆத்தா புண்ணியத்துல கண்ணு பொழச்சுச்சு."

இமைகூட அசையவில்லை அம்மாவுக்கு. சின்ன வயதில் அம்மா எங்களுக்குச் சொன்னதையெல்லாம் அந்த இடத்திலேயே ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்க்கத் தொடங்கினேன்.

பக்கத்து வீட்டுப் பெண் அப்போதுதான் வந்து நின்றிருந்தாள். அம்மை நாட்களில் நாள் தவறாமல் இளநீர் கொடுத்தனுப்பியவள். கொத்தனார் போகும்வரை ஆணி டப்பாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கல்லாப் பக்கம் குனிந்து, தன் பொட்டுக்குப் பக்கத்தில் மெலிந்திருந்த புருவத்தை ஒரு விரலால் தடவிக்கொண்டாள்.

"மதினி, அந்த அம்மைய எங்க போயிப் போட்டுக்கிட்டீய?"

அண்ணன் ஏணியில் ஏறி எதையோ தேடுவது போல முதுகைக் காட்டிக்கொண்டான். மதினி அம்மாவைப் பார்த்தாள். அம்மா தெருவைப் பார்த்தாள். மதினி கல்லாவைப் பூட்டிவிட்டு, உள்ளேயிருந்த ஸ்டூலைக் காலால் இழுத்துப் போட்டாள்.

"உக்காரு, சொல்லுதேன். மொதல்ல ஊசிப் பாக்கெட்ட ஒங் கண்ணு முன்னாடி கிழிக்கச் சொல்லணும். பொறவு, வீட்டுல சொல்லிட்டுப் போகணும்."

அம்மா டிரம்மை இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்த்திக்கொண்டாள்.