முதல் மூணு நாள் பால்

எனக்குத் தாய் இல்லை. அதனால் தலைப்பிரசவமும் மாமியார் வீட்டில்தான். ஆற்றங்கரை ஊர். வயலும் ரெண்டு மாடும் உள்ள வீடு.

ஆண்பிள்ளை பிறந்தது. நல்ல குரல். மருத்துவச்சி குளிப்பாட்டித் துணியில் சுற்றிக் கொடுத்தாள். மாரில் போடப் போனேன். மாமியார் பிள்ளையை வாங்கிக்கொண்டார்கள். மூணு நாளைக்குப் பால் கொடுக்கக் கூடாதாம். மஞ்சளாக, கெட்டியாக வந்ததைக் காட்டி, "அது பாலில்லட்டி, சீ" என்றார்கள்.

ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கையில் தந்தார்கள். அதில் பீச்ச வேண்டும். கால்படாத இடமாகப் பார்த்துச் சுவரில் ஊற்ற வேண்டும். எறும்பு மொய்த்தால் பால் வற்றிப்போகுமாம். பீச்சினேன். யாரும் என் கையைப் பிடித்துப் பீச்சவில்லை. நானேதான் செய்தேன்.

பிள்ளைக்குச் சீனித்தண்ணி, விளக்கெண்ணெய், சங்கில் கழுதைப்பால். முதல் நாள் வீடு அதிர அழுதது. மூணாம் நாள் அழுகை இல்லை. அமைதியாகிவிட்டது என்று மாமியார் சந்தோஷப்பட்டார்கள்.

நாலாம் நாள் என்னிடம் தந்தார்கள். மார் கல்லாக இருந்தது. எனக்குக் காய்ச்சல். பிள்ளைக்கு இழுக்க வலு இல்லை. வாயை வைத்தபடியே தூங்கியது. பிறகு வயிற்றாலே போனது. எட்டாம் நாள் பிள்ளை இல்லை.

என் பால் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று தெருவில் பேச்சு. பிள்ளை குடிக்கவே இல்லை. அதை யாரிடம் சொல்ல.

மறு வருஷம் பசு கன்று போட்டது. நான் அப்போது மறுபடி உண்டாகியிருந்தேன். என் வீட்டுக்காரர் செம்பை எடுத்துக்கொண்டு கறக்கப் போனார். மாமியார் தடுத்தார்கள்.

"ஏலே, முத பால் கன்னுக்குல்லா. அது குடிக்கலேன்னா கன்னு எந்திரிச்சு நிக்காதுலே."

கன்று குடித்தது போக மீதியைக் கறந்து, கருப்பட்டி போட்டு அவிக்கச் சொன்னார்கள். அடுப்பில் அது திரண்டு வந்தது. அதே மஞ்சள். நான் கேட்டேன்.

"அத்தை, கன்னுக்கு ஆகுதது பிள்ளைக்கு ஆகாதா?"

"மாடும் மனுசியும் ஒண்ணாட்டி?" என்றார்கள். சிரிக்கவும் செய்தார்கள். எல்லாரும் தின்றார்கள். நான் தின்னவில்லை.

ரெண்டாவதும் ஆண். பகலில் பிறந்தது. மாமியார் வெந்நீர் எடுக்கப் போயிருந்தார்கள். பிள்ளையைத் தா என்று மருத்துவச்சியிடம் கேட்டேன். அவுக ஏசுவாக என்றாள். அவள் மடியிலிருந்து நானே எடுத்தேன். பிள்ளை தேடிப் பிடித்தது. இழுத்த இழுப்பு அடிவயிறு வரை வலித்தது. கொஞ்ச நேரத்தில் உதிரப்போக்கும் மட்டுப்பட்டது.

மாமியார் வாசலில் நின்றார்கள்.

"என்னட்டி செய்யுத? பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன்னைத்தான் சேரும்."

"போன தடவை உங்க சொல்படிதான் செஞ்சேன், அத்தை."

அவ்வளவுதான் பேசினேன். அவர்கள் மூணு நாள் என்னிடம் பேசவில்லை. கஞ்சி மருத்துவச்சி கையால் வந்தது. எனக்கும் பயம்தான். அவர்கள் சொன்னது சரியாக இருந்துவிட்டால்? பிள்ளையின் வயிறு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். முனங்கினால் மாரில் போட்டேன். வேறு எதுவும், தண்ணிகூடக் கொடுக்கவில்லை. மார் இந்தத் தடவை கல்லாகவில்லை. கருப்பாக வெளிக்குப் போய்க்கொண்டிருந்தவன் நாலாம் நாள் மஞ்சளாகப் போனான். அன்றுதான் தூங்கினேன்.

தொட்டில் போட்ட அன்று சொந்தக்காரர்கள் வந்தார்கள். கோயிலுக்கு நேர்ந்துகொண்டதால் பிள்ளை நிலைத்தது என்று மாமியார் எல்லாரிடமும் சொன்னார்கள். சொல்லட்டும் என்று இருந்தேன்.

வந்தவர்களில் நிறைமாசமாக இருந்த ஒருத்தி பைய என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என்ன செய்தீங்க மதினி என்று கேட்டாள். சொன்னேன். பிறந்ததும் போடு. மஞ்சளாக இருந்தாலும் போடு. பால் வரட்டும் என்று காத்திராதே, அது சப்பச் சப்பத்தான் ஊறும். கேட்கும்போதெல்லாம் கொடு. வேறு எதுவும் வாயில் ஊற்றவிடாதே.

தலையை ஆட்டினாள். வீட்டில் கேட்டுக்கொள்கிறேன் என்றாள்.

அவள் பிள்ளை ஆறு நாள்தான் இருந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். சாவுக்குத் துட்டி கேட்கப் போனேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரோரம் சங்கும் சிரட்டையும் கிடந்தன.