பிரேக்கம்மாவின் இடது பக்கம்

சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிய கையோடு, இடது கைக் கட்டைவிரலை அதற்கு அடியில் நுழைத்து, மார்பின் மேல் படாதபடி ஒரு விரற்கடை தூக்கிப் பிடித்துக்கொள்கிறார் பிரேக்கம்மா. அதற்குப் பிறகுதான், "ம், கிளட்சை மிதிங்க" என்பார். வகுப்பு முடிந்து வண்டி டிரைவிங் ஸ்கூல் வாசலில் வந்து நிற்கும் வரை அந்தக் கட்டைவிரல் அங்கேயேதான் இருக்கும். கார் பழக வருகிறவர்கள் இதைக் கவனிப்பார்கள், ஆனால் கேட்கமாட்டார்கள். கேட்கிற நிலைமையிலா இருக்கிறார்கள்? எதிரே வருகிற லாரியே அவர்களுக்குப் போதும்.

பிரேக்கம்மா என்பது பழகுகிறவர்கள் வைத்த பெயர். கற்றுக்கொடுக்கிறவர் உட்காரும் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் உண்டு. ஓட்டுகிறவர் பதறி எதையாவது மிதிப்பதற்குள் அந்த அம்மாளின் கால் பிரேக்கை மிதித்திருக்கும். ஐம்பதைத் தாண்டிய, குள்ளமான உடம்பு. சாலை தெரிவதற்காக இருக்கையில் ஒரு தலையணையைப் போட்டு உட்காருவார். உயரத்தில் குறைந்ததை வாயில் ஈடுகட்டிக்கொண்டவர். நடுச்சாலையிலேயே ஓட்டுகிறவரிடம், "இந்த ரோடு மொத்தத்தையும் உங்க மாமனார் உங்க பேருக்கு எழுதி வெச்சிட்டாரா?" என்பார். கிளட்சை வெடுக்கென்று விடுகிறவரிடம் மட்டும் குரல் இறங்கும். "தூங்குற குழந்தை தலைக்கு அடியிலேர்ந்து கையை உருவுற மாதிரி உருவுங்க சார். அது முழிச்சுக்கக் கூடாது."

போன வருஷம் இடது தோள்பட்டைக்குக் கீழே ஒரு வலி வந்தது. ஒரு பேங்க் அதிகாரி தொட்டதற்கெல்லாம் பிரேக் போட்டுப் பழகிக்கொண்டிருந்த வாரம் அது. பழி அவர் தலையில் விழுந்தது. சுளுக்கு என்று தானே முடிவுகட்டி, தைலத்தைத் தேய்த்துக்கொண்டு பிரேக்கம்மா சில நாட்களைக் கடத்தினார். அதற்குள் முதுகில் தொடங்கி அக்குள் வழியாக மார்பு வரை பட்டையாகக் கொப்புளங்கள் கிளம்பிவிட்டன. டாக்டர் பார்த்ததுமே அக்கி என்றார். சின்ன வயதில் வந்துபோன அம்மையின் கிருமி இத்தனை காலம் நரம்புக்குள் படுத்துக் கிடந்துவிட்டு இப்போது எழுந்திருக்கிறது, பிரேக்கம்மா தன்னிடம் இன்னும் கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கலாம் என்றார். மருந்து கொடுத்தார். கொப்புளங்கள் காய்ந்தன, பொருக்கு உதிர்ந்தது, வீட்டில் எல்லோரும் அப்பாடா என்றார்கள். பேங்க் அதிகாரிக்கு லைசென்ஸும் வந்துவிட்டது. பிரேக்கம்மாவின் வலி மட்டும் போகவில்லை.

"குடியிருந்தவன் காலி பண்ணிட்டுப் போயிட்டான். சுவத்துல ஆணி அடிக்கிற சத்தம் மட்டும் இன்னும் நிக்கல" என்பார் பிரேக்கம்மா.

சட்டையின் ஓரம் லேசாக உரசினால் சூடு பட்டதுபோல் எரியும். ஃபேன் காற்றுகூட ஆகாது. ஆகவே வீட்டில் அவர் போட்டுக்கொள்வது கணவரின் துவைத்து நைந்துபோன பனியன், அதுவும் தையல் உடம்பில் உரசாதபடி உள்பக்கம் வெளியே வருமாறு. எரிச்சலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அரிப்புதான் ஆளைக் கொல்கிறது என்பார். முதுகில் ஓர் உள்ளங்கை அளவு இடம் மரத்துக் கிடக்கிறது. அரிப்பெல்லாம் அங்கேதான். சொறிந்தால் செருப்பைப் போட்டுக்கொண்டு உள்ளங்காலைச் சொறிவது போலிருக்கும், சுகமும் இல்லை, நிற்கவும் நிற்காது. ஒருநாள் அப்படிச் சொறிந்துவிட்டுப் பார்த்தால் நகக்கண்ணில் ரத்தம். தோலைக் கிழித்துக்கொண்டது அவருக்கே தெரிந்திருக்கவில்லை. அன்றிலிருந்து நகங்களை ஒட்ட வெட்டிவிட்டார். அரிக்கும்போது சில்லென்ற தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி முதுகில் வைத்து அழுத்திக்கொள்வார்.

வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பழைய டீக்கறை மாதிரி சில தழும்புகள், அவ்வளவுதான். "அதான் ஆறிடுச்சே, இன்னுமா வலிக்குது?" என்று கேட்காத உறவில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். வேலை செய்கிற இடத்திலோ அவர் வாயே திறக்கவில்லை. வலிக்கிற இடம் நாலு பேரிடம் சொல்கிற இடமாகவும் இல்லை. சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்கிற கதை.

கணவர் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். உலகத்தில் எந்தக் கோளாறுக்கும் எங்கேயோ ஒரு திருகாணி தளர்ந்திருப்பதுதான் காரணம் என்று நம்புகிறவர். அந்தத் திருகாணியைத் தினமும் போனில் தேடுவார்.

"இங்க பாரு, ஒருத்தர் இதைப் பூசி மூணே நாள்ல குணமாயிட்டாராம்."

"அந்த ஒருத்தரை வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க. முதல்ல அவர் மேல பூசிப் பாப்போம்."

ஆனால் வீட்டு ஃபேனைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருப்பது அந்த மனிதர்தான். வேர்த்துக் கொட்டிக்கொண்டே, தனக்கு எப்போதும் குளிர்ந்த உடம்பு என்று சாதிப்பார். அதைக் கேட்கிறபோது பிரேக்கம்மாவுக்கு அவர்மேல் பாவமாகவும் இருக்கும், ஆசையாகவும் இருக்கும். இரண்டையும் சொல்லமாட்டார்.

டாக்டர் கொடுத்த மாத்திரை வலியைக் கொஞ்சம் மட்டுப்படுத்துகிறது. கூடவே தூக்கத்தையும் மயக்கத்தையும் கொண்டுவருகிறது. அளவைக் கூட்டிப் பகலிலும் போட்டால் இன்னும் நன்றாகக் கேட்கும், ஆனால் வண்டியில் உட்காரக் கூடாது என்றார் டாக்டர். பிரேக்கம்மா மாத்திரையைக் கூட்டவில்லை. இரவில் ஒன்றோடு சரி. காலையில் தலை லேசாகச் சுற்றினாலும் காய்ச்சல் என்று சொல்லி லீவு போட்டுவிடுவார். ஓய்வெடுத்தால் என்ன என்று கணவர் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இது: "ரோட்டைப் பாத்துக்கிட்டு இருக்கிற வரைக்கும் அது வாயை மூடிக்கிட்டுக் கிடக்குதுங்க. நான் சும்மா உக்காந்தாத்தான் அதுக்குக் கொண்டாட்டம்."

அந்த இருக்கைக்குத்தான் ஆபத்து வந்தது. கொண்டுவந்தவர் கேக் கடைக்காரர்.

ஆள் ஆஜானுபாகு. ஒவ்வொரு கையும் ஒரு முழு ரொட்டி அளவு. ஆனால் நிறுத்தி வைத்திருக்கிற வண்டிக்கும் வழிவிட்டு நிற்கிற பிறவி. கடை வேனை ஓட்டிய டிரைவர் வேலையை விட்டுப் போய்விட, கேக்குகளைத் தானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதாகி, இந்த வயதில் ஸ்டியரிங்கைப் பிடித்தார். பக்கத்தில் ஓர் அம்மாள் பெல்ட்டை இறுகப் பிடித்தபடி, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பார்க்க அவருக்குக் கை உதறியது. கை உதற உதற வண்டி உதறியது. ஒரு வாரம் பொறுத்துவிட்டு டிரைவிங் ஸ்கூல் முதலாளியிடம் போனார்.

"எனக்கு வேற ஆளைப் போடுங்க தம்பி. அந்தம்மா என் பக்கத்துல உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. பாக்கவே பாவமா இருக்கு."

முதலாளிக்கு வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும். பிரேக்கம்மாவை அக்கா என்றுதான் கூப்பிடுவார். கூப்பிட்டுக் கேட்டார். வேறு வழியில்லாமல் பிரேக்கம்மா எல்லாவற்றையும் சொன்னார்.

"இத்தனை நாள் ஏன்க்கா சொல்லல? கவுண்டர்ல உக்காந்துக்கங்க. சம்பளம் அதேதான். போன் எடுத்துப் பேசினா போதும்."

"எனக்கு எதுக்கு கவுண்டர்? மாத்திரை ராத்திரிதான் போடுறேன். காலையில தலை சுத்தினா வண்டிப் பக்கமே வரமாட்டேன்."

"நான் அதைக் கேக்கலக்கா. திடீர்னு பிரேக் போட்டா பெல்ட் இழுத்துப் பிடிக்கும், உங்களுக்கு வலிக்கும். அது உங்களுக்குத் தெரியும், உங்க காலுக்கும் தெரியும். அது ஒரு செகண்டு யோசிச்சுதுன்னா?"

பிரேக்கம்மா இதுவரை நினைத்தே பார்க்காத கேள்வி அது. முதலாளிமீது கோபப்படவும் முடியவில்லை, கேட்டது நியாயம்.

"நாளைக்கு ஒருநாள் கேக் கடைக்காரரோட போயிட்டு வர்றேன் தம்பி. அதுக்கப்புறமும் அவர் வேற ஆள் கேட்டார்னா நானே கவுண்டர்ல வந்து உக்காந்துக்கறேன்."

அன்று மாலை வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து, வலது காலைத் தரையில் டக்கென்று ஊன்றினார். மறுபடியும் ஊன்றினார். கணவர் போனிலிருந்து தலையைத் தூக்கி, "கரப்பான் பூச்சியா?" என்றார். நாற்காலியில் பெல்ட் கிடையாது. அதில் உட்கார்ந்து பார்த்து என்ன தெரியப்போகிறது? கால் யோசிக்குமோ, யோசித்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் பிரேக்கம்மாவைவிட்டுப் போகவில்லை.

மறுநாள் வண்டியைக் கிளப்பும் முன்பே கேக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டார். அக்கி வந்தது, ஆறியது, ஆறாமல் இருப்பது, பெல்ட் உரசினால் எரிவது எல்லாம். சொல்லி முடித்துவிட்டு, அவர் எந்த எண்ணெயைச் சிபாரிசு செய்யப்போகிறாரோ என்று காத்திருந்தார்.

கேக் கடைக்காரர் எண்ணெய் எதையும் சொல்லவில்லை. "அப்போ என்னைப் பாத்துப் பயப்படலையா நீங்க?" என்றார்.

"உங்களைப் பாத்து பயப்படுற அளவுக்கு நீங்க இன்னும் வேகமாவே ஓட்டலையே சார்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். இத்தனை பெரிய உடம்புக்குள் இப்படி ஒரு சிரிப்பு இருந்தது பிரேக்கம்மாவுக்கு அன்றுதான் தெரிந்தது. சிரித்து முடித்துவிட்டு அவர் வண்டியை எடுத்த விதமே வேறாக இருந்தது. கிளட்ச் வழுக்கிக்கொண்டு வந்தது. மூன்றாவது கியர் வரை சத்தமில்லாமல் போட்டார். பள்ளிக்கூடத்தைத் தாண்டி, சந்தை முக்கில் இண்டிகேட்டர் போட்டுத் திரும்பினார். திரும்பும்போது பெல்ட் உரசாதபடி பிரேக்கம்மாவின் கட்டைவிரல் அதைத் தூக்கிக்கொடுத்தது. அதைக் கேக் கடைக்காரர் ஓரக்கண்ணால் பார்த்தார், ஆனால் கை உதறவில்லை.

நின்றிருந்த ஒரு வேனுக்குப் பின்னாலிருந்து சைக்கிள் ஒன்று அப்படியே குறுக்கே வந்தது.

வண்டி நின்றது. சைக்கிள்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் எதிர்ச் சந்துக்குள் போய்விட்டார். கேக் கடைக்காரர் குனிந்து தன் காலைப் பார்த்தார். அது இன்னும் ஆக்சிலேட்டர் பக்கத்திலேயே விறைத்து நின்றது. பக்கத்து இருக்கையில் பிரேக்கம்மாவின் வலது கால் பிரேக்கை அடிவரை அழுத்தியிருந்தது. இடது கால் கிளட்சையும் சேர்த்து மிதித்திருந்ததால் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கால் யோசிக்கவில்லை. அவர் யோசிப்பதற்கு முன்பே அது வேலையை முடித்துவிட்டது.

அது தெரிந்த அடுத்த நொடியே வலியும் தெரிந்தது. பெல்ட் கட்டைவிரலை உதறிவிட்டு, மார்பின் இடது பக்கம் முழு நீளத்துக்கும் இறுகிக் கிடந்தது. மூச்சு உள்ளே போனது, வெளியே வரவில்லை. கண்ணில் தண்ணீர் திரண்டது. அவர் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். குரல் வரவில்லை.

கேக் கடைக்காரர் அந்த முகத்தைப் பார்த்துவிட்டார். அவருக்கு ஏற்கெனவே வெளிறியிருந்த முகம் இன்னும் வெளிறியது.

"நீங்க என்கிட்ட சொல்லாமலே இருந்திருக்கலாம்மா. நீங்க பயப்படுறீங்கன்னு நினைச்சுக்கிட்டாவது ஓட்டியிருப்பேன். இப்ப எங்க வலிக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சே. இனிமே ஒவ்வொரு பிரேக்குக்கும் அங்கதானே பார்ப்பேன். என்னால ஆகாது. நான் இறங்கிக்கிறேன், நீங்க வேற யாரையாவது வெச்சு..."

பின்னால் ஹார்ன்கள் வரிசையாகக் கிளம்பின. யாரோ ஜன்னல் வழியாகத் தலையை நீட்டித் திட்டினார்கள். கேக் கடைக்காரரின் வலது கை கதவைத் திறக்கப் போயிற்று. இடது கை இன்னும் கியர்க் கம்பியின் மேலேயே கிடந்தது.

பிரேக்கம்மா தன் வலது கையை அந்தப் பெரிய கையின் மேல் வைத்து, விரல்களைச் சேர்த்துப் பிடித்து, கியரை ஒன்றாவதற்குத் தள்ளினார்.