வீட்டுக்கு ஒரே பாத்ரூம்

டைல்ஸ் ஒட்டுகிற வேலையில், ஒட்டிய தரையை ஒரு நாள் முழுக்க மிதிக்கக் கூடாது என்பதைத்தான் எல்லாரும் கடைசியில் சொல்வார்கள். ஒரே ஒரு பாத்ரூம் வைத்திருக்கும் சக பாவிகளுக்கு நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆள் வராத வேலை

மஸ்கட்டில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, அம்மாவோடு இருக்கலாம் என்று திண்டிவனம் வந்தேன். வந்த கொஞ்ச நாளில் அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள். இடுப்பில் அடி. தங்கச்சி வந்து விழுப்புரத்துக்கு அழைத்துப் போய்விட்டாள். அந்தத் தரை மாறாமல் அனுப்ப மாட்டாளாம். யாரோடு இருக்க வந்தேனோ அவள் இல்லாத வீட்டில் நான் மட்டும். கொத்தனாருக்கு போன் மேல் போன். ஒருநாள் மேல்மலையனூர் அமாவாசை, ஒருநாள் வேறெங்கோ கூரைக்கு சென்ட்ரிங் வேலை. கடைசியில் அவரே அலுத்துப்போனார்: “சார், இந்தத் தம்மாத்தூண்டு பாத்ரூமுக்கு எந்த ஆளும் வர மாட்டான். நீங்க சும்மாதான இருக்கீங்க, நீங்களே ஒட்டிக்கோங்க!”

கடையில்

வழுக்காது என்று கடைக்காரப் பெண் எடுத்துப் போட்டதை நான் நம்பவில்லை. கொண்டுபோன பாட்டில் தண்ணீரை ஊற்றி, செருப்பைக் கழற்றி, அம்மா மாதிரியே காலை இழுத்து இழுத்து நடந்து பார்த்தேன். சொரசொரப்பான சாம்பல் நிறம் ஒன்று காலைப் பிடித்தது. அந்தப் பெண் துடைப்பத்தோடு வந்து நின்றாள்: “எல்லாரும் கலர் பாக்க வூட்டம்மாவ இட்டுக்கினு வருவாங்க. நீங்க தண்ணி பாட்டிலோட வந்துக்கிறீங்களே சார்!”

பக்கத்து வீட்டு வாளி

பழைய தரையை உடைத்து, ஆங்கில வீடியோ பார்த்துப் புதிதை ஒட்டினேன். தரை சமமா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், குமிழி நட்டநடுவில் நின்றது. யாரிடமாவது காட்டத் தோன்றியது. போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன்.

மறுநாள் குளிக்க இடமில்லை. துண்டும் சோப்புமாகப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன், ஊர் வந்ததிலிருந்து முதல் தடவையாக. அந்த வீட்டு அக்கா துண்டைப் பார்த்ததுமே பாத்ரூமைக் காட்டினார். ரெண்டு சொம்பு ஊற்றியதும் தண்ணீர் என் காலைச் சுற்றிக்கொண்டு நேராக ஓட்டைக்கு ஓடியது. அப்போதுதான் உறைத்தது. வீடியோக்காரர் குளியல் தொட்டிக்குள் நின்று குளிக்கிறவர். அவர் தரை சமமாக இருக்கலாம். நம் தரைக்கு ஓட்டையைப் பார்த்துச் சரிகிற வாட்டம் வேண்டும். முழுசாக இறுகுவதற்குள் அத்தனையும் பெயர்த்தாக வேண்டும். தலை துவட்டிக்கொண்டே, இன்னும் சில நாள் வரவேண்டியிருக்கும் என்றேன். அக்கா சொன்னார்: “வாங்க, வாங்க. எட்டு மணிக்குள்ள வெளிய வந்துடுங்க, எம் பொண்ணு மயிலம் பஸ்ஸப் புடிக்கணும். ஒங்கம்மா போனப்பறம், நீங்க ஒடைக்கிற சத்தம் கேட்டுத்தான் அந்த ஊட்ல ஆளு இருக்குன்னே எங்களுக்குத் தெரியும்!”

அம்மாவின் சோதனை

எல்லாவற்றையும் பெயர்த்து, வாட்டம் வைத்து மறுபடி ஒட்டி முடித்ததும், தங்கச்சி அம்மாவை அழைத்து வந்தாள். அம்மாவின் பை காரிலேயே இருந்தது, தரையைப் பார்த்துவிட்டுத்தான் முடிவாம். அம்மா சுவரைப் பிடித்தபடி உள்ளே போய் ஒரு சொம்பு ஊற்றினாள். தண்ணீர் ஓடியது. கதவோரம் மட்டும் ஒரு தட்டளவு நின்றுவிட்டது. கடைசியாக ஒட்டிய டைல். ஈரம் காய்வதற்குள் அதன்மேல் முட்டியை ஊன்றித்தான் நான் வெளியே வந்திருந்தேன், அதில் அமுங்கிவிட்டிருக்கிறது. தங்கச்சி என்னை முறைத்தாள். அம்மா அந்தத் தண்ணீரிலேயே காலை வைத்து, இழுத்துப் பார்த்தாள். வழுக்கவில்லை. “இத நான் தள்ளிக்கிறேன்டா. நீ போய் கார்ல இருக்கிற பைய எடுத்துக்கினு வா.”

இன்றுவரை அந்தத் தண்ணீரைத் தள்ளுவது நான்தான். சரியாகத் தள்ளவில்லை என்று சொல்ல இப்போது வீட்டில் ஆள் இருக்கிறது.