ஜீப்பில் ஓடிய விருதுப் பாட்டு

குன்னூரில் என்னை எஸ்டேட்டுக்கு ஏற்றிப்போன ஜீப்காரர், கம்பளிக் குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, வழியெல்லாம் ஒரே பாட்டைத்தான் போட்டார். உலக விருது வாங்கிய சினிமாப் பாட்டு. எனக்கோ அந்தப் படத்தின்மேல் எரிச்சல்.

“நம்ம ஏழ்மையைப் படம்பிடிச்சுக் காட்டிப் பரிசு வாங்கிட்டாங்க” என்றேன்.

“நான் படம் பாக்கலீங்க. பாட்டு நல்லாருக்குதுங்க.”

ஒரு வளைவில் அவராகவே வண்டியை நிறுத்தினார். கீழே தேயிலைக்கு நடுவே, தகரக் கூரை போட்ட தொழிலாளர் லைன் வீடுகள்.

“டூரிஸ்ட்டெல்லாம் இங்கதானுங்க ஃபோட்டோ எடுப்பாங்க.”

அழகாகத்தான் இருந்தது. நானும் எடுத்தேன்.

“அந்த நீலக் கதவு நம்ம ஊடுங்க” என்று சொல்லிவிட்டு, பாட்டின் சத்தத்தைக் கூட்டினார்.

பெருமையாகச் சொன்னாரா, குத்திக்காட்டினாரா? அவர் முகத்திலிருந்து எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அந்த ஃபோட்டோவை இன்னும் நான் அழிக்கவில்லை. யாருக்கும் காட்டவுமில்லை.